நுழைவு இலவசம் என்று போட்ட கண்ணீர் அஞ்சலி

நம் வீடு, ஐந்தாம் மாடி
நவம்பர் 15, சனிக்கிழமை

அன்புள்ள மகன் யாசெனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், என் வலது முட்டியைத் தவிர, அது யார் பேச்சையும் கேட்பதில்லை. அங்கே லியோனில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, காதுக்குக் குல்லாய் போட்டுக்கொண்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். என்னடா இது, இந்தக் காலத்தில் கடிதம் என்று நீ திகைப்பாய். ஞாயிறுதோறும் நீ அம்மாவோடு ஒரு மணி நேரம் பேசுகிறாய், கடைசியில் அவள் போனை என் கையில் திணிக்கிறாள், நான் "அங்க மழையா?" என்று கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். பன்னிரண்டு வருடமாக உன் ஊர் மழையை நான் விசாரித்த அளவுக்கு அந்த ஊர் வானிலைக்காரன்கூட விசாரித்திருக்க மாட்டான். போனில் எனக்கு அதற்கு மேல் வாய் வராது, கை மட்டும் கொஞ்சம் வரும், அதனால்தான் கடிதம். போன வாரம் நீ அம்மாவிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டாயாமே, "அப்பா படம் பார்த்தாரா, என்ன சொன்னாரு?" என்று. அவள் "ஒண்ணும் சொல்லலடா" என்றாளாம். உண்மைதான், நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வாரமாக நான் வாயைத் திறக்காததைப் பார்த்து உன் அம்மாவே பயந்துபோய் மூன்று வேளையும் மூலிகைத் தேநீர் வைத்துக் கொடுக்கிறாள். சொல்கிறேன், ஆனால் என் வரிசையில்தான் சொல்வேன், அவசரப்பட்டுக் கடைசிப் பக்கத்தைப் புரட்டாதே.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன், உன் படத்தைப் பார்க்கிற எண்ணமே எனக்கு இல்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் படமெடுக்க வந்து, பக்கத்து ஊரில் ஒரு மாதம் தங்கி, இங்கே ஒரே ஒரு மதியம் காபி குடிக்க வந்தாய் அல்லவா, அப்போது கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டு "படத்துல ஒரு அப்பா வர்றாரு" என்றாய். எந்த அப்பா என்று நான் கேட்கவில்லை. உனக்கு வேறு எந்த அப்பாவைத் தெரியும்? அன்றைக்கே உன் அம்மாவிடம் சொல்லிவிட்டேன், அந்தப் படத்தை ஊர் வாசகசாலை அரங்கத்தில் போட்டாலும் சரி, நம் சமையலறைச் சுவரில் போட்டாலும் சரி, நான் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன் என்று. முப்பத்தெட்டு வருடம் இந்த ஊர் லிப்ட்டுகளைப் பழுது பார்த்தவன் நான். கூண்டின் மேலே நின்று கிரீஸ் போடும்போது கீழே ஏறுகிறவர்கள் என்னைப் பற்றி என்ன பேசுவார்கள் என்பதெல்லாம் கேட்டு முடித்தாயிற்று, அதை வெள்ளைத் திரையில் வேறு பார்க்க வேண்டுமா?

அப்படி இருந்தவனைப் போக வைத்தது வாசகசாலைச் செயலாளர் காலின். நல்ல பையன்தான், மூளையை மட்டும் அடிக்கடி எங்கேயாவது வைத்துவிட்டு வந்துவிடுவான். உன் ஆட்கள் அனுப்பிய ஒரே ஒரு பெரிய போஸ்டரைச் சின்னதாக்கி, வாசகசாலை மெஷினில் கறுப்பு வெள்ளையில் நாற்பது பிரதி எடுத்திருக்கிறான். நீயும் லேசுப்பட்டவன் இல்லை. போஸ்டரில் உன் பதினாறு வயதுப் பள்ளிக்கூடப் போட்டோவைப் போட்டு, சுற்றிக் கறுப்புக் கட்டம் கட்டி, கீழே உன் பெயர், என் பெயர், குடும்பப் பெயர் மூன்றையும் முழுசாக எழுதி, அதற்குக் கீழே "யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போனான்" என்று வேறு ஒரு வரி. இதை அவன் எங்கே ஒட்டினான் தெரியுமா? ஒவ்வொரு கட்டடத்தின் வாசற்கதவிலும், மின்கம்பங்களிலும், பஸ் நிறுத்தத்திலும், அதாவது செத்தவர்களின் கண்ணீர் அஞ்சலித் தாள் எங்கெல்லாம் ஒட்டுவோமோ அங்கெல்லாம். அதுவும் இறந்தவர்களை நினைக்கும் சனிக்கிழமை வருகிற வாரம் பார்த்து, கல்லறைக்குக் கொண்டுபோக வீட்டுக்கு வீடு கோதுமை ஊறிக்கொண்டிருந்த வேளையில்.

நான் வியாழக்கிழமை சந்தையிலிருந்து ஊறுகாய்க்கு இரண்டு முட்டைக்கோஸ் வாங்கிக்கொண்டு, கைக்கு ஒன்றாகப் பிடித்தபடி வந்துகொண்டிருந்தேன். வாசற்கதவில், பெல் பட்டன்களுக்கு மேலே, நான்காம் மாடிக்காரரின் ஆறாம் மாத நினைவுத் தாளுக்குப் பக்கத்தில் நீ இருந்தாய். கண்ணாடி என் சட்டைப்பையில் இருந்தது, எடுக்கக் கை வரவில்லை. உன் முகமும் கறுப்புக் கட்டமும் பெரிய எழுத்தில் நம் பெயர்களும்தான் தெரிந்தன. யாசென், எனக்கு என்ன தோன்றியது என்று உள்ளபடி சொல்கிறேன். உனக்கு என்ன ஆயிற்று, எப்படி ஆயிற்று என்றெல்லாம் தோன்றவில்லை. கடைசியாக உன்னிடம் நான் பேசியது மழையைப் பற்றி என்றுதான் தோன்றியது. முட்டைக்கோஸ் இரண்டும் கையை விட்டு விழுந்து, ஒன்று உருண்டு கார் அடியில் போய்விட்டது. எப்படியோ கண்ணாடியை எடுத்து மாட்டிக் கிட்டே போய்ப் பார்த்தால், அடியில் பொடி எழுத்தில் சனிக்கிழமை மாலை ஆறு மணி, வாசகசாலை அரங்கம், நுழைவு இலவசம் என்று இருக்கிறது. கண்ணீர் அஞ்சலிக்கு நுழைவு இலவசம் என்று போடுகிற வழக்கம் எனக்குத் தெரிந்து எந்த நாட்டிலும் இல்லை. அப்புறம்தான் மேலே "ஐந்தாம் மாடி" என்று படத்தின் பெயர் இருந்ததையே பார்த்தேன். படியில் உட்கார்ந்து உன்னையும் காலினையும் உன் கேமராவையும் வாய்க்கு வந்தபடி திட்டினேன், திட்டத் திட்டக் கண்ணில் தண்ணீர் வந்தது, அதற்கு நடுவே சிரிப்பும் வந்தது.

அந்த நேரம் பார்த்து மூன்றாம் மாடி தோன்கா அத்தை ஜன்னலைத் திறந்தாள். காலையிலேயே அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, நிஜமா பொய்யா என்று தெரியாமல் தவித்துக்கொண்டு இருந்திருக்கிறாள். நான் படியில் உட்கார்ந்து அழுவதைப் பார்த்ததும் அவளுக்கு உறுதியாகிவிட்டது. நான் குனிந்து காருக்கு அடியிலிருந்து முட்டைக்கோஸை இழுத்து, லிப்ட் ஓடாததால் மூச்சு வாங்கிக்கொண்டு (ஓய்வு பெற்ற லிப்ட் மெக்கானிக் வீட்டு லிப்ட் ஒரு மாதமாக ஓடவில்லை, சிரிக்காதே) ஐந்து மாடி ஏறி வருவதற்குள், நம் வீட்டு வாசலில் ஐந்து பெண்கள் தலையில் கறுப்புத் துணி கட்டி, சர்க்கரை தூவிய கோதுமைக் கிண்ணங்களோடு நிற்கிறார்கள். தோன்கா கையில் ஆறு செவ்வந்தி, சாவுக்குக் கொடுக்கிற மாதிரி எண்ணி இரட்டைப்படையாக. கதவைத் திறந்த உன் அம்மா காதில் போன். போனில் யார்? ஞாயிறுகூட இல்லை, ஆனாலும் நீதான். எல்லோரும் அவளைக் கட்டிக்கொண்டு "வெனெதா, எப்படித் தாங்குவே" என்று அழுகிறார்கள், அவளுக்குத் தலையும் புரியவில்லை காலும் புரியவில்லை, போனை ஸ்பீக்கரில் வேறு தட்டிவிட்டாள். நீ உள்ளேயிருந்து "இந்த ஊர்ல ஒழுங்கா உப்புப் போட்ட பாலாடைக்கட்டி ஒண்ணு கிடைக்கல, முந்நூறு வகை வச்சிருக்கான், எதுவும் வாய்க்குப் பிடிக்கல" என்று புலம்பிக்கொண்டிருக்கிறாய். அத்தனை பேரும் கிண்ணத்தைப் பிடித்தபடி நின்று நீ பாலாடைக்கட்டியைத் திட்டுவதைக் கடைசிவரை கேட்டார்கள். உயிரோடு இருக்கிறவன் பேச்சு அது என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. நீ "அங்க என்ன சத்தம்?" என்று கேட்டாய், அம்மா டிவி என்றாள். அதுதான் அந்தச் சத்தம். தோன்கா மூக்கைத் துடைத்துக்கொண்டு, ஆறில் ஒரு பூவை உருவித் தன் சட்டையில் செருகிக்கொண்டு, மிச்சம் ஐந்தை அம்மா கையில் கொடுத்து, "இப்போ ஒத்தப்படை, இனி கல்யாணத்துக்கே குடுக்கலாம், எப்போ பண்ணி வைக்கப் போறே அவனுக்கு?" என்றாள். கோதுமையை எல்லோருமாக உட்கார்ந்து தேநீரோடு சாப்பிட்டோம். உன்னிடம் இதைச் சொல்லவே கூடாது, அபசகுனம் என்று அம்மா எங்கள் எல்லோரிடமும் சத்தியம் வாங்கினாள். நான் சத்தியம் செய்யும்போது வாயில் கோதுமை இருந்தது, அதனால் அது செல்லாது.

ஆனால் அந்தத் தாளின் முன்னால் நின்ற அந்த ஒரு நிமிடத்துக்குப் பிறகு, படத்துக்கு வரமாட்டேன் என்று வீறாப்புப் பேச என்னால் முடியவில்லை. சனிக்கிழமை நானே கோட்டைத் தேய்த்துப் போட்டுக்கொண்டேன். அரங்கில் நிற்க இடமில்லை. காலையில் கல்லறைக்குப் போனவர்கள் அதே கறுப்பு உடையில் நேராக வந்துவிட்டார்கள், பாதிப் பேருக்கு நீ போய்விட்டாயா இருக்கிறாயா என்று இன்னும் தெரியாது, முன்வரிசையில் இரண்டு கிழவிகள் மெழுகுவத்தி கொளுத்தவே ஆரம்பித்துவிட்டார்கள். காலின் மேடைக்கு ஓடிவந்து "ஐயா, அம்மா, டைரக்டர் உயிரோடதான் இருக்கார், நல்லாவே இருக்கார், மெழுகுவத்தியை அணைங்க" என்றான். அதற்கு விழுந்த கைதட்டல் மாதிரி ஒரு கைதட்டல் உனக்கு எந்தப் பட விழாவிலும் கிடைத்திருக்காது.

இனி ஊர் சொன்னதைக் கேள். உன் இலக்கிய டீச்சர் வாசிலேவா மடியில் நோட்டை வைத்துக்கொண்டு படம் முழுக்கக் குறித்துக்கொண்டே இருந்தார், முடிந்ததும் எழுந்து "நூத்துப் பதினாலு கெட்ட வார்த்தை, நான் எண்ணினேன், அதுல ஒன்பது எனக்கே புதுசு" என்றார். பிள்ளைகள் போதைக்குப் பசையை மோந்து பார்ப்பதையும் விற்கக் கம்பி திருடுவதையும் இப்படிக் கிட்டே போய்க் காட்டினால் பார்க்கிற பிள்ளை என்ன கற்றுக்கொள்ளும் என்று கேட்டார். ஓய்வு பெற்ற போலீஸ்காரர் கோஸ்தோவ் அவருக்கு நேர் எதிர், "பள்ளிக்கூடத்துல கட்டாயப் பாடமாவே வைக்கணும் டீச்சர், பார்த்தாத்தான் பயம் வரும்" என்று மேஜையைத் தட்டினார், ஆனால் அவருக்கும் ஒரு குறை, "மூடின தொழிற்சாலைக்குள்ள போய் யாசெனையும் அந்த ராதோவையும் சட்டையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்தது நான், படத்துல எவனோ மீசைகூட இல்லாதவன் வர்றான்." தோன்காவுக்குப் படத்தில் ஒரே ஒரு விஷயம்தான் கண்ணில் பட்டது, படிக்கட்டு. "நான் வாரா வாரம் வியாழக்கிழமை துடைக்கிற படி, இப்படியா குப்பையா இருந்துச்சு? உலகமே பார்க்கும்ல!" என்று இன்றுவரை புலம்பிக்கொண்டிருக்கிறாள். நம் வாசலில் கூடி நிற்கும் பிள்ளைகள் நாலு பேர் பின்வரிசையில் இருந்தார்கள், பயங்கரமான இடத்திலெல்லாம் சிரித்தார்கள், என்னடா என்று திரும்பிக் கேட்டால் "தாத்தா, இந்தத் திட்டெல்லாம் இப்போ யாரும் திட்டுறதில்ல" என்றார்கள். டீச்சர் பயந்தது வீண், நீ காட்டிய கெட்ட வார்த்தைகள் எல்லாம் காலாவதியாகிவிட்டன.

உன் கூட்டாளி ராதோவைத்தான் நான் கவனித்தேன். ரொட்டி வண்டியை வெளியே நிறுத்திவிட்டு, மாவு படிந்த சட்டையோடு வந்திருந்தான். பாதிப் படம்வரை அவன் போட்ட வெடிச்சிரிப்பில் கூரை பெயர்ந்துவிடும் போலிருந்தது, தொழிற்சாலைக் கூரையிலிருந்து அவனைப் போலவே வருகிற அந்தக் கூட்டாளிப் பையன் விழுந்து சாகிற இடம் வந்ததும் எழுந்து சிகரெட் பிடிக்கப் போய்விட்டான். அப்புறம் வந்து, "மாமா, என்னை ஏன் கொன்னான்? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? செத்தது நான்னா என் போட்டோவைத்தானே வாசல்ல ஒட்டியிருக்கணும்?" என்றான். அழுதாயா என்று கேட்டேன், "சளி மாமா" என்றான். அவனுக்கு இரண்டாவதும் பெண் குழந்தை, உன்னிடம் சொல்லச் சொன்னான்.

ஆக அத்தனை பேரும் படத்தில் தங்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். என்னிடம் மட்டும் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஏனென்றால் படத்தில் அந்த அப்பன் தண்டனையாக மகனின் அறைக் கதவைக் கழற்றும் இடம் வந்தபோது, அரங்கில் பாதித் தலைகள் திரையை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பின. உன் அம்மா என் தொடையைக் கிள்ளினாள், எதற்கு என்று அவளுக்கே தெரியாது. பின்னால் ஒரு பெண் பிள்ளை தன் தோழியிடம் "எங்கப்பா போனைத்தான் பிடுங்குவாரு, கதவையே எடுத்தா நான் செத்தேன்" என்றது எனக்குத் தெளிவாகக் கேட்டது. வீட்டுக்கு வரும் வழியில் தோன்கா பொறுக்க முடியாமல் "ஸ்தாமென், அந்த அப்பா நீதானே?" என்று கேட்டே விட்டாள். "அவன் ஒல்லி" என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தேன், முட்டி வலியோடு.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். படத்தில் ஒரு தப்பு இருக்கிறது. லிப்ட் சத்தத்தைச் சொல்லவில்லை, அதுவும் தப்புத்தான், அது வேறு மாடல், போகட்டும். நான் சொல்வது கதவு. உன் ஆள் திருப்புளியை எடுத்து ஒவ்வொரு கீலாக, ஒவ்வொரு திருகாக, நிதானமாகக் கழற்றுகிறான், பையன் கட்டிலில் உட்கார்ந்து அவனை முறைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறான். நம் கட்டடத்துக் கதவுகளுக்குத் திருப்புளியே வேண்டாம் யாசென். கீழே கை கொடுத்து ஒரு தூக்குத் தூக்கினால் கதவு கீலிலிருந்து கையோடு வந்துவிடும். பதினைந்து வருடத்துக்கு முன்னால் நான் அப்படித்தான் எடுத்தேன், ஒரே தூக்கு. இது உனக்குத் தெரியாது, ஏனென்றால் நீ பார்க்கவில்லை. நீ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாய். நான் கதவைக் கையில் வைத்துக்கொண்டு உன் முதுகைப் பார்த்தபடி அங்கேயே நின்றேன், நீ திரும்பி ஒரு வார்த்தை கத்தினால் போதும், மாட்டிவிடலாம் என்று நினைத்தேன். நீ கத்தவில்லை, நானும் உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு மாதம்தான் என்று சொல்லி எடுத்த கதவை ஐந்து மாடி இறக்கி நிலவறையில் வைத்தேன். நீ மறுபடி கம்பி திருடப் போகக்கூடாது, பசை டப்பாவை அறைக்குள் ஒளிக்கக்கூடாது, அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ரிப்பேர் தெரிந்தவன், பிள்ளை வளர்க்கத் தெரியவில்லை. அந்த இலையுதிர் காலத்தில் உன் அம்மா அந்தக் கதவை இரண்டு பீப்பாய் மேல் கிடத்திக் குடைமிளகாய் ஜாடிகளை அடுக்கிவிட்டாள், ஜாடி இருக்கிறதே, எப்படி எடுப்பது என்று நானும் மூன்று வருடம் சாக்குச் சொன்னேன். நீ கிளம்பிப் போன அன்றைக்கு, கதவில்லாததால் நீ பெட்டி கட்டுகிற சத்தம் முழுக்க எனக்குக் கேட்டது. நான் எழுந்து வரவில்லை. "யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போனான்" என்று நீ எழுதியிருக்கிறாய், அதில் பாதிப் பழி என்னுடையது. படம் எப்படி என்று கேட்டால், நன்றாக இருக்கிறது, அந்த ஒரு இடத்தில் மட்டும் நீ என்மேல் கருணை வைத்துவிட்டாய். உன் அப்பன் யோசிக்க அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. நான் செய்தது தப்பு, அன்றைக்கே தெரியும், சொல்ல இவ்வளவு நாள் ஆயிற்று.

செவ்வாய்க்கிழமை நிலவறைக்குப் போய் ஜாடிகளை எல்லாம் இறக்கினேன். பதினைந்து வருடத்து வட்டவட்டக் கறை, ஒரு பக்கம் லேசாக வளைந்தும் இருந்தது. ராதோ ரொட்டி வண்டியை நிறுத்திவிட்டு வந்து ஒரு முனை பிடித்தான், ஐந்து மாடி ஏற்றினோம், படி நெடுக "மாமா, இதையும் படமா எடுப்பானா?" என்று கேட்டுக்கொண்டே வந்தான். அடியில் கொஞ்சம் இழைத்து, வெள்ளை பெயின்ட் அடித்து, கீலில் மாட்டினேன், ஒரே தூக்கு. உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் புதிதாக வைத்திருக்கிறேன், வெளிப்பக்கம் ஒன்றும் இல்லை. நிலவறையில் இடம் போய்விட்டதால் ஜாடிகள் எல்லாம் இப்போது உன் அறையில்தான் இருக்கின்றன, அதனால் நீ படுக்க வேண்டுமானால் முதலில் சாப்பிட்டுத் தீர்க்க வேண்டும். நேற்று உன் அம்மா உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் வெளியே வரவில்லை. நான் தட்டினேன். "யாரு?" என்றாள். இந்த வீட்டில் இருப்பதே இரண்டு பேர்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சாப்பாட்டுக்கு அம்மா உன் தட்டையும் சேர்த்துத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறாள். கட்டாயம் இல்லை, படவேலை இருந்தால் பார்த்துக்கொள். ஊரே சேர்ந்து அழுது முடித்தாயிற்று, கோதுமையும் சாப்பிட்டாயிற்று, இனி உனக்கு ஆயுசு கெட்டி, நூறு வயதுக்குக் குறைந்தால் தோன்கா சும்மா விடமாட்டாள். உடம்பைப் பார்த்துக்கொள், எடுக்கிற படமெல்லாம் ஓடட்டும், உன்னைப் பிடித்த நல்ல பெண்ணாக ஒருத்தி கிடைக்கட்டும், கடவுள் உன்னைக் கைவிடாமல் இருக்கட்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, அடுத்த போஸ்டருக்குக் கலர் போட்டோவாக, பல் தெரியச் சிரிக்கிற போட்டோவாக, கட்டம் இல்லாமல் அனுப்பு. நீ வந்தால் உன் அறைக்கு நானும் தட்டிவிட்டுத்தான் வருவேன், தட்டிவிட்டு வெளியேயே நிற்பேன், திறப்பதும் திறக்காததும் உன் இஷ்டம்.

இப்படிக்கு,
படத்தில் வருகிற அந்த அப்பா, ஆனால் அவ்வளவு ஒல்லி இல்லை,
ஸ்தாமென்